கொடியில் தொங்கிய தகடுகள்

— பதினேழாம் நம்பர் தகட்டை மேற்கே பாக்க மாட்டிட்டே, ஆனந்தகுமார். நம்பர் எழுதின பக்கம் கிழக்கே பாக்கணும். இருபத்து நாலும் அப்படித்தானே இருக்கு? கண்ணுக்குத் தெரியலையா?

— தெரியுது மாமி, இந்தா மாத்திருதேன். ரிடையர் ஆகிப் பத்து வருசமாச்சு, ஹெட்மிஸ்ட்ரஸ் குணம் மட்டும் உங்களை விட்டுப் போகலை. பாஷா பாய், இப்படி வாங்க. இந்தத் தகட்டோட ஓரத்தைத் தடவிப் பாருங்க. அஞ்சு மழைக்காலம் இந்த அபிராமபுரம் மொட்டைமாடியில தொங்கியிருக்கு. வெயில்ல வெளுத்திருக்கே ஒழிய, ஒரு எடத்துல ஊதல் உண்டா? வெடிப்பு உண்டா?

— பாத்தேன் சார். நல்லாத்தான் கீது.

— நல்லாத்தான் கீதா! முப்பது வருசமா பிளாஸ்டிக்குக்கு அச்சு வெட்டுத மனுசன் பேசுத பேச்சாய்யா இது? உள்ள இருக்கது கண்ணாடி நார் இல்ல, வாழை நாரு. வாழை நாரு தண்ணியைக் குடிக்கும், குடிச்சா ஊதும், ஊதினா பிளாஸ்டிக்கை விட்டு விலகிரும். உலகத்துல எல்லாருக்கும் அதுதான் தலைவலி. நம்ம சுப்பராமன் சாரு அதை இந்த மாடியில வச்சு ஜெயிச்சிருக்காரு. சிந்தாதிரிப்பேட்டையில உங்க ஷெட்டுப் பக்கம் போய்ச் சொன்னா எவனாவது நம்புவானா?

— அதான் சார் நானும் சொல்றேன். நம்ப மாட்டான்.

— பாத்தீங்களா மாமி! நாலு மாசமா இப்படித்தான் பிடி குடுக்காமப் பேசுதாரு. மூடிக்கு அச்சு வெட்டித் தாங்கன்னா ஒரு நாள் கரண்ட் இல்லம்பாரு, ஒரு நாள் இடுப்பு வலிம்பாரு. சாரோட கடைசி வரைக்கும் கூடவே இருந்தவராச்சேன்னு வேற ஆளுகிட்டப் போகாம இருக்கேன். இல்லன்னா என்னிக்கோ போயிருப்பேன்.

— எதுக்கு மூடி?

— அதைச் சொல்லத்தானே மாமி வந்தேன். சைதாப்பேட்டையில ஒரு பள்ளிக்கூடத் தெரு. மழைத்தண்ணி ஓடுத கால்வாய்க்கு மேல இரும்பு மூடி போட்டா ஒரு வாரம் தங்காது, கழட்டிக் காயலான் கடையில போட்டுருதான். போன மழையில முட்டளவு தண்ணி. திறந்த குழி தெரியாம ரெண்டு பிள்ளைக உள்ள போயிட்டு. யாரோ ஒரு பூக்காரம்மா ஒண்ணைத் தலைமுடியைப் பிடிச்சும் ஒண்ணைப் பையோட வாரைப் பிடிச்சும் இழுத்துப் போட்டிருக்கு. அதான் தெருக்காரங்க என்கிட்டக் கேக்காங்க. இந்தத் தகட்டுலயே மூடி போட்டா எவனும் திருட மாட்டான், வித்தா காலணாவுக்குப் பெறாது. நாப்பது மூடி. ஐப்பசி அடைமழை பிடிக்கதுக்குள்ள பதிச்சாகணும். ஒவ்வொரு மூடியிலயும் சாரு பேரை எழுத்தாவே வார்க்கப் போறேன்.

— மூடி மேலயா? ஜனங்கள் கால் வைக்கற இடத்துல மனுஷா பேரைப் போடுவாளோ?

— அய்யய்யோ, அது தோணலையே! சரி, அடிப்பக்கம் போட்டுருவோம்.

— சாக்கடையைப் பாக்க.

— மாமி, பேரை விடுங்க. எனக்கு நோட்டு வேணும். மாசா மாசம் தகட்டை எடை போட்டு எழுதின நோட்டு. தண்ணி ஏறியிருந்தா எடை கூடியிருக்கணும். அஞ்சு வருசமா கூடலைங்கதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அதைக் காட்டினாத்தான் ஒரு இஞ்சினியரு கையெழுத்துப் போடுவாரு. தகடு இருபத்து நாலையும் நானே பத்திரமா இறக்கிக்கிடுதேன்.

— நோட்டைக் குடுக்கறதுக்கில்லை.

— ஏன் மாமி?

— குடுக்கறதுக்கில்லைன்னா இல்லை. தகடும் அப்படித்தான். காப்பி சாப்பிட்டாச்சோன்னோ? கிளம்புங்கோ. மழை இருட்டிண்டு வரது.

— புரியுது மாமி. வர கார்த்திகையில சாருக்கு வருசத் திதி. அவரு கை பட்டதை வெளிய அனுப்ப மனசு வராது. நோட்டுல ஒரு பக்கம் கூட நான் கசக்க மாட்டேன். நகல் எடுத்துட்டு அன்னிக்கே கொண்டாந்து தருதேன்.

— கை பட்டது அவருது மட்டும் இல்லை. அதுல இருக்கறது என் கையெழுத்து. ஒண்ணாந்தேதி காலம்பர ஆறரை மணிக்குத் தராசைக் கூடத்துல வைப்பார். ஒவ்வொரு தகட்டையும் துடைச்சு வச்சு எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். நூத்திப் பன்னண்டு புள்ளி நாலும்பார். புள்ளி நாலா புள்ளி மூணான்னு திருப்பிக் கேப்பேன். நீ டீச்சர்டீ, உன்கிட்டத் தப்பா சொல்லித் தப்பிக்க முடியுமாம்பார். குழந்தை குட்டி இல்லாத அகம், ஆனந்தகுமார். மத்த நாள்ல உப்பு இருக்கா, பால் வந்துதா, அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் வாய் ஓயாம இருபத்து நாலு எண்ணைப் பேசிண்டிருப்போம்.

— அம்புட்டு ஆசையா வளத்த சரக்கு மாமி இது. ஊரறிய வைக்க வேண்டாமா? அவருகிட்ட வேலை கத்துக்கிட்டவன் நான், கட்டுரையா எழுதுங்க சார்னு எத்தனை மட்டம் கெஞ்சியிருப்பேன்! கேக்கப்பல்லாம் சிரிச்சுக்கிட்டே, இன்னும் ஒரு மழை போகட்டும்டாம்பாரு. அந்த ஒரு மழை முடியவே இல்லை. அவரு போயிட்டாரு.

— போன கார்த்திகையில போனார். நெஞ்சுல சளி கட்டிண்டு, ஆஸ்பத்திரியில ஒம்பது நாள். குடை இல்லாத மனுஷர் மாதிரி நனைஞ்சுண்டு வந்தா என்ன ஆகும்? பஸ்ஸில தொலைச்சுடுவார்னு அந்தக் கறுப்புக் குடையில சுத்திவர சிவப்புக் கரை வச்சுத் தைச்சிருந்தேன். தெருக்கோடியில வந்தாலே அவர்தான்னு தெரியும். அதை விரிக்காமக் கக்கத்துல இடுக்கிண்டு, தலையிலேருந்து ஜலம் சொட்டச் சொட்ட நிப்பார். ஏன்னா கேட்டா, மறந்துட்டேன் ஜானும்பார். கையில இருக்கற குடையை ஒருத்தர் மறப்பாளா? எத்தனை திட்டியிருப்பேன்! என்ன பாஷா பாய், ஏன் கீழே குனிஞ்சுண்டு நிக்கறேள்? உக்காருங்கோ.

— இல்லம்மா, இர்க்கட்டும். சார், கெளம்பலாம் சார். அம்மாதான் வாணான்றாங்களே.

— நீங்க சும்மா இருங்க பாய். மாமி, கடைசியா ஒண்ணு கேக்கேன். நீங்க நோட்டு தராட்டி நான் இதை விடப் போறதில்லை. தெருக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். என் கண்ணால பாத்த சாட்சி இருக்கு, இந்த மாடி இருக்கு. நானே கையெழுத்துப் போட்டு மூடியை வார்த்துருவேன். வேற ஷெட்டு ரெண்டு பாத்து வச்சிருக்கேன். வர திங்கக்கெழமை வேலை ஆரம்பம்.

— கூடாது.

— ஏன் கூடாது? காரணத்தைச் சொல்லுங்க, விட்டுருதேன்.

— அந்தத் தெருவுல எத்தனை குழந்தைகள் நடக்கும்?

— பள்ளிக்கூடம்லா? முந்நூறு, முந்நூத்தம்பது.

— உக்காரு, ஆனந்தகுமார். அந்தக் கைப்பிடிச் சுவர் மேல இல்லை, ஸ்டூல்ல. நான் ஒரு தடவைதான் சொல்வேன். நடுவுல பேசாதே.

— சரி மாமி.

— இதுக்கு முன்னாடி ஒரு செட் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ. முதல் வருஷத்து மழையிலயே ஒம்பதாம் நம்பர் ஊதி, நடுவுல பிளந்துண்டுடுத்து. அப்பறம் ஒண்ணொண்ணா எல்லாம். அதைக் கையில வச்சிண்டு ரெண்டு நாள் சாப்பிடாமக் கூடத்துல உக்காந்திருந்தார். விளக்குப் போட விடலை. முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல வாழைநார் வாழைநார்னு கேலி பண்ணின மனுஷாளுக்கு நடுவுல இருந்துட்டு வந்தவர். ரிடையர் ஆனப்பறம்தான் தன் இஷ்டத்துக்குப் பண்ணலாம்னு ஆரம்பிச்சது. அவர் அழுது நான் பாத்தது அன்னிக்கு மட்டும்தான்.

— அது தெரியும் மாமி. அப்புறம்தானே நாரை ஊற வைக்குத காஸ்டிக் சோடா அளவை மாத்தி, இந்தப் புது இருபத்து நாலு—

— நடுவுல பேசாதேன்னு சொன்னேன். புது இருபத்து நாலை மாட்டினார். ஐப்பசி பொறந்தது. அவர் பாஷா ஷெட்டுக்குப் போயிருந்தார், மத்தியானம் மேகம் கட்டிண்டு வந்தது. கொடியில துணி இருந்தா எடுப்போமா மாட்டோமா? நான் மாடிக்கு ஏறினேன். துணியை எடுத்தேன். இதையும் எடுத்தேன்.

— எதையும்?

— தகட்டை. இருபத்து நாலையும். படிக்கட்டு அறையில அடுக்கி வச்சுட்டு, மழை விட்டப்பறம் மறுபடியும் மாட்டினேன். ஒண்ணாந்தேதி எடை போட்டார். கூடலை. அந்த முகத்தை நீ பாத்திருக்கணும்.

— ஒரு தடவைதானே மாமி? ஒரு மழைதானே?

— அஞ்சு வருஷம். ஒரு மழை விடலை.

— மாமி!

— ராத்திரி மழைன்னா அவர் தூங்கினப்பறம் ஏறுவேன். பகல்ல அவர் ஆத்துல இருந்தா, தூத்தல் போட்டதுமே காப்பிப்பொடி தீந்துடுத்து, தயிர் இல்லைன்னு கடைக்கு அனுப்பிடுவேன். நனையாத தகடு அத்தனையும். வெயில் மட்டும்தான் பட்டிருக்கு. அந்த நோட்டுல என் கையால எழுதினது ஒவ்வொண்ணும் பொய். நாப்பது வருஷம் குழந்தைகளுக்கு, காப்பியடிச்சா வெளியே போன்னு சொன்னவள் நான்.

— ஏன் மாமி இப்படிப் பண்ணினீங்க? இது சோதனை மாமி! நனையத்தானே மாட்டினது!

— சோதனைன்னு எனக்குத் தெரியாதா? ஓய்வு காலத்துல ஒரு மனுஷர் மாடியில எதையோ மாட்டி வச்சு சந்தோஷப்பட்டுண்டிருக்கார், யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். அது மூடியாகி ஒரு குழந்தை காலுக்குக் கீழே போகும்னு நினைக்கலை. அதுக்காகத்தான் சொல்றேன். இல்லேன்னா என்னோடயே எரிஞ்சிருக்கும். ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுண்டே போனார். தோத்துட்டோம்னு தெரியாமலே போனார்.

— பொறுங்க மாமி, பொறுங்க. கொஞ்சம் யோசிக்கேன். நனையலைன்னா, தோத்துப்போச்சுன்னும் சொல்ல முடியாதுல்லா? சோதிக்காத சரக்கு, அம்புட்டுதானே! புதுச் சேர்மானம் நிசமாவே தண்ணி குடிக்காமலும் இருக்கலாம்லா? மேல ரெண்டு பூச்சுக் குடுத்து, இந்த ஒரு மழைக்கு மட்டும் பதிச்சுப் பாப்போம். என்ன பாய்?

— வாணாம் சார்.

— இது என்ன, எதுக்கெடுத்தாலும் வாணாம்! உங்களுக்கு என்ன தெரியும்?

— தெரியும் சார். எல்லாம் வெடிச்சிரும்.

— எப்படித் தெரியும்?

— பாஷா பாய், கேக்கறானோன்னோ? பதில் சொல்லுங்கோ.

— அம்மா, என்னை வுட்ருங்கம்மா. ஆண்டவன் மேல ஆணையா சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துகீறேன்.

— யாருக்கு?

— சாருக்குத்தான்.

— அவர் போயாச்சு. நீங்க வாக்கைக் காப்பாத்தினா இவன் மூடியைப் பதிப்பான். என் ரகசியத்தை நான் இப்போதான் உடைச்சேன், கூசலை. சொல்லுங்கோ.

— எங்க ஷெட்டு கூரை மேல, கூவத்துப் பக்கமா, இன்னொரு இருபத்து நாலு கீது சார். இதே சேர்மானம், இதே அச்சு. சாருதான் மாட்டுனாரு. ரெண்டாவது மழையில அத்தினியும் ஊதிப் பூட்ச்சி. ஓரத்துல காளான் மாரி பூத்துச்சி. கையில எடுத்தா நாரு தனியா, பிளாஸ்டிக் தனியா உரிஞ்சிகினு வரும். அப்பால நாலு தபா சேர்மானத்த மாத்துனாரு. சோடாவ ஏத்துனாரு, கொறச்சாரு, நாரை அடுப்புல காய வெச்சாரு. ஒண்ணும் ஆவல. அதான் சார் அச்சு வெட்டாம இழுத்துகினு இருந்தேன். சொல்லவும் முடியல, செய்யவும் முடியல. எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்.

— எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நாலு மாசமா என்னைப் பைத்தியக்காரனா அலைய விட்டீங்களே பாய்! தெருக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

— கண்ணாடி நாருல போட்டுத் தர்றேன் சார். நாளைக்கே அச்சு வெட்றேன். ராப்பகலா நின்னு நாப்பதும் முடிச்சிடுவேன். கொழந்தைங்க சமாச்சாரம், நான் மட்டும் இன்னா கல்லா? ஆனா சாரு பேரு வாணாம் அதுல.

— வேண்டாம். அவர் பேர் வேண்டாம். பாஷா பாய், நீங்க சொன்னதுல ஒண்ணு எனக்குப் புரியலை. அங்கே ஒரு செட் வெடிச்சிருக்கு, இங்கே ஒரு செட் அஞ்சு வருஷமா எடை கூடலை. ரெண்டும் ஒரே சேர்மானம். அவர் முட்டாள் இல்லையே. அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரியும்மா. மொத மழையிலயே தெரியும்.

— எப்படி? நான் ஒரு சொட்டு ஈரம் இல்லாமத்தானே திருப்பி மாட்டினேன்!

— அதாம்மா. சாரு எப்பவும் தாறுமாறாத்தான் மாட்டுவாரு, அஞ்சுக்குப் பக்கத்துல இருவது, அதுக்குப் பக்கத்துல ரெண்டு. மழை வுட்டதும் போய்ப் பாத்தா, ஒண்ணுலேர்ந்து இருபத்து நாலு வரைக்கும் ஸ்கூல் பசங்க பிரேயர்ல நிக்கிற மாரி வரிசையா கெழக்கப் பாத்துகினு நிக்குதாம். மறுநாளு ஷெட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சிரிக்கச் சொல்லவே கண்ணுல தண்ணி வந்துச்சி.

— ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? அஞ்சு வருஷம்! ஒரு வார்த்தை!

— நானும் கேட்டேம்மா. இன்னாத்துக்கு சார் இந்த வேஷம், அம்மாகிட்ட ஒடச்சிப் பேசிடுங்கன்னேன். ஒண்ணாந்தேதி ஒரு மணி நேரம் ஜானு எங்கூட குந்திகினு எழுதுது பாஷா, தோத்துச்சின்னு தெரிஞ்சா நோட்ட மூடி வெச்சிடும்னாரு. அப்பால நான் கேக்கல.

— மாமி, தூத்தல் போட ஆரம்பிச்சிட்டு. உள்ள வாங்க.

— வரட்டும்.

— தகடு நனையுது மாமி. நான் எடுக்கேன், நீங்க—

— கையை எடு, ஆனந்தகுமார். தொங்கட்டும். நனையட்டும், ஒரு தடவையாவது.

— அம்மா, நீங்களும் நனையிறீங்கம்மா. உங்களுக்கு எதுனா ஆச்சின்னா சாரு என்னை மன்னிக்கவே மாட்டாரு.

— இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, பாஷா பாய். கடைசியா போன கார்த்திகை மாசம், மத்தியானம், இதே மாதிரிதான் இருட்டிண்டு வந்தது. தயிர் வாங்கிண்டு வாங்கோன்னு நான்தான் அனுப்பினேன். கடை நாலு எட்டு. முக்கால் மணி கழிச்சு வந்தார். தயிர் இருந்தது கையில, குடை இருந்தது கக்கத்துல, உடம்புல நனையாத இடம் ஒண்ணு இல்லை. அன்னிக்கு ராத்திரிதான் காய்ச்சல் கண்டது. அந்த முக்கால் மணி அவர் எங்கே இருந்தார்?

— வாணாம்மா.

— உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ.

— எதிர்ல அந்த டிரான்ஸ்பார்மர் கீது பாருங்க, அதுக்குப் பக்கத்துலதாம்மா. ரோட்டுல அங்கேர்ந்து பாத்தாத்தான் இந்த மாடி தெரியும், குடைய விரிச்சா செகப்புக் கரைய நீங்க மேலேர்ந்து கண்டுகினு பாதியில நிறுத்திடுவீங்கன்னு, எப்பவும் மடக்கிக் கக்கத்துல வெச்சிகினு அங்கதான் நிப்பாரு, இருபத்து நாலாவது தகட்ட நீங்க எடுத்து முடிக்கிற வரைக்கும்.